முடியாமல் நிற்கும் பின்னல்கள்: கல்லடிப் பெண் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பின் கல்லடியில் இருக்கும் 43 வயதுப் பெண் ஒருவருடைய பின்னல் வேலையைப் பற்றியது இது. காலையில் பாலர் பாடசாலை ஆசிரியை, பின்னேரம் வீட்டில் ஊசியும் நூலும். கணவர் மலைநாட்டு வெலிமடைப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள். தாயும் அதே வளவில்தான். பெயரை எழுதவில்லை. எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, வேண்டாம் என்று அவர் சொன்னதை எடுத்துவிட்டுத்தான் தருகிறேன்.

அவர் என்னிடம் வந்தது ஒரு தொப்பிக் கணக்கால். காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், நோன்புக்கு முன் 12 தொழுகைத் தொப்பிகள் பின்னித் தரும்படி கேட்டு நூலுக்கு முற்பணமும் கொடுத்திருந்தார். நோன்பு தொடங்கி ஒரு கிழமை கழிந்தபோது கொடுக்கக்கூடியதாக இருந்தவை ஐந்து. நூல் போதாமல் போகவில்லை. நேரமே கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அதே மாதத்தில் அவர் முக்கோணச் சால்வை ஒன்றைப் புதிதாகத் தொடங்கியிருந்தார், பன் புல்லால் இழைத்த பை ஒன்றுக்கு வாய்ப் பின்னலும் தொடங்கியிருந்தார்.

"எனக்கு இது ஒரு வருத்தம் போல ரீச்சர். ஒண்டைத் தொட்டா மற்றது கூப்பிடுது" என்றார்.

வீட்டில் எல்லோரும் சொல்வது, "இவ தொடங்குவா, முடிக்கமாட்டா." வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, தன்னைப் பற்றி அவரும் அதையே சொல்லப் பழகிவிட்டார்.

பின்னலும் தையலும் பழக்கும் எனக்கு இப்படி அலையும் கைகள் புதிதில்லை. அவர்களுக்கு ஊரே கொடுக்கும் மருந்தும் ஒன்றுதான்: ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடு. அந்த மருந்து பலருக்கு வேலை செய்வதில்லை. சிலருக்குப் பின்னலையே விடவைத்துவிடுகிறது. இவருக்கும் ஒருமுறை அது நடந்திருக்கிறது. அக்கா சொன்னாரென்று மற்ற எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு மேசைவிரிப்பு ஒன்றை மட்டும் கையில் வைத்திருந்தார். அந்த விரிப்பும் நகரவில்லை, வேறெதுவும் நகரவில்லை. சில மாதம் ஊசியையே தொடாமல் இருந்தார். ஆகவே அந்த மருந்தை மறுபடி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முதலில் பைகளைத் திறந்து பார்ப்போம் என்றேன்.

பைகளில் இருந்தவை

அலுமாரிக்கு மேலிருந்தும் கட்டிலுக்குக் கீழிருந்தும் சொப்பிங் பேக்குகள் வந்தன. 2024 நவம்பர் வெள்ளத்தின்போது மேலே தூக்கி வைத்தவை சில, அதற்குப் பிறகு இறங்கவேயில்லை. விறாந்தையில் பாய் விரித்து எல்லாவற்றையும் அடுக்கியபோது 11 வேலைகள் இருந்தன. எது யாருக்கு, எப்போது தொடங்கியது என்று நான் முதலில் கேட்கவில்லை. கடைசியாகப் பின்னின வரி எது, அதற்கு அடுத்து என்ன வந்திருக்க வேண்டும், இந்த இரண்டையும் மட்டும் பார்த்தோம்.

முதலில் கைக்கு வந்தது கணவருக்கான சுவெட்டரின் முதுகுத் துண்டு. வெலிமடையில் விடியற்காலை மரக்கறி ஏற்றும்போது போடுவதற்கு. கடும் பச்சை நிறம், கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூல், 4 மில்லிமீற்றர் ஊசி. அக்குள் வரை வந்து நின்றிருந்தது. ஏன் நின்றது என்று கேட்டதற்கு "அலுத்துப் போச்சு" என்றார். அளவுநாடாவை வைத்துப் பார்த்தோம். அவர் பார்த்துப் பின்னிய குறிப்பில் 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) என்று இருந்தது. முதுகு 50 சென்ரிமீற்றர் அகலம் வரவேண்டும், ஆகவே 110 கண்ணி போட்டிருந்தார். கணக்கில் பிழையில்லை. ஆனால் அவருடைய கை அந்த நூலில் கொஞ்சம் தளர்வாக ஓடியிருக்கிறது. 10 சென்ரிமீற்றருக்கு 20 கண்ணிதான் விழுந்திருந்தது. அப்படியென்றால் 110 கண்ணி 55 சென்ரிமீற்றர் வரும். முன்பக்கமும் அப்படியே வந்தால் சுற்றளவு 100க்குப் பதிலாக 110. கணவர் மெலிந்த மனிதர்.

நாடாவைப் பார்த்துக்கொண்டே, "இது அவருக்குப் பெரிசா வரும்போல எண்டு அப்பவே நினைச்சன்" என்றார்.

எனக்கு இந்த ஆய்வில் முக்கியமான இடம் இதுதான். அலுப்பு என்று அவர் சொன்னது அலுப்பில்லை. பிழையைக் கண் கண்டுவிட்டது. வாய் அதைச் சொல்லவில்லை. ஊசியைச் சுற்றி நூலைக் கட்டி, பையில் போட்டு, மேலே வைத்துவிட்டார். அடுத்த நாள் கைக்கு வேறு ஏதாவது வேண்டுமே, புதிதாக ஒன்று தொடங்கினார்.

மேசைவிரிப்பிலும் கதை கிட்டத்தட்ட அதேதான். வெள்ளைப் பருத்தி நூலில் கொக்கி ஊசியால் பின்னின சதுரங்கள். 70 வேண்டும், 46 முடிந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஓரம் ஒத்துவரவில்லை. ஆரம்பத்தில் பின்னினவை 11 சென்ரிமீற்றர், பிறகு பின்னினவை 10. கை பழகப் பழக இறுகியிருக்கிறது. இது போதாதென்று ஒவ்வொரு சதுரத்திலும் தொடங்கிய இடத்தில் ஒரு நூல் வால், முடித்த இடத்தில் ஒரு வால். 46 சதுரத்துக்கு 92 வால்கள். அவற்றை ஊசியில் கோர்த்து மறைத்து, சதுரங்களை ஒன்றோடொன்று பொருத்தும் வேலை இன்னும் தொடங்கவேயில்லை. பின்னலில் யாரும் படம் எடுத்துக் காட்டாத வேலை இது. சதுரம் பின்னப் பழக்குபவர்கள்கூட வால் மறைக்கப் பழக்குவது குறைவு.

பிறகு தொப்பிகள். முடிந்த ஐந்தையும் விட்டு, முடியாத மூன்றையும் கையில் எடுத்தேன். மூன்றும் உச்சி வட்டம் வரை வந்து நின்றிருந்தன. தொப்பி உச்சியில் தொடங்கும். நடுவில் 12 ட்ரெபிள் (உயரமான கொக்கிக் கண்ணி), அதற்குப் பிறகு சுற்றுக்குச் சுற்று 12 கூட்டிக்கொண்டு போனால் வட்டம் தட்டையாக வரும். கூட்டுவதை நிறுத்தினால் விளிம்பு கீழே இறங்கித் தொப்பியின் சுவராகும். மூளைக்கு வேலை உச்சியில்தான். சுவர் ஒரே மாதிரிச் சுற்றுத்தான். இவருடைய மூன்று உச்சிகளும் மூன்று வடிவம்: ஒன்று ஆறு முனை நட்சத்திரம், ஒன்று சுழன்று போகும் இலை, மற்றது தேன்கூடு போல ஓட்டை விட்டது. கடைக்காரர் கேட்டதோ 12ம் ஒரே மாதிரி. ஐந்தைப் பின்னியதும் அந்த வடிவம் கைக்குள் வந்துவிட்டது. ஆறாவதில் கை வேறொன்றைத் தேடியிருக்கிறது.

ஒரு ஞானஸ்நானச் சால்வையும் இருந்தது, சிநேகிதி ஒருவரின் பிள்ளைக்கு. வெளிர் நிறப் பருத்தி நூல், நல்ல ரேந்தை (லேஸ்) வடிவம், இருந்தவற்றில் மிக அழகான வேலை. ஸ்டீல் ஊசியோடு அப்படியே மாரி முழுக்கக் கிடந்திருக்கிறது. கடற்காற்று படும் வீட்டில், பொலித்தீன் பைக்குள் ஈரம் வெளியேற வழியில்லாமல் இருந்தால் ஸ்டீல் துருப்பிடிக்காமல் என்ன செய்யும். ஊசி கிடந்த வரி நெடுகத் துருக்கறை. அதைப் பார்த்த நாளோடு சால்வை நின்றுவிட்டது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லலாம். மஞ்சள் குழந்தைச் சட்டை ஒன்று, உடலும் ஒரு கையும் முடிந்தது, மற்றக் கை இல்லை. கனடாவில் இருக்கும் அக்கா மகனுக்கு ஒற்றைச் சொக்ஸ். வளைவு வரிகளாகப் போகும் பெரிய போர்வை, நீலம் முடிந்துபோனதால் நின்றது. பால் ஜொக்கை மூடும் மணிவைத்த வலை. தலையணை உறைப் பூவேலை. அதோடு முன்பு சொன்ன பன் பையும் புதிய சால்வையும்.

நின்ற இடங்கள்

11ஐயும் பார்த்தபின் ஒன்று விளங்கியது. முடிக்காதது என்று ஒரே பெயர் வைத்திருந்தாலும், நின்றதற்கான காரணம் ஒன்றல்ல. சுவெட்டரும் விரிப்பும் சால்வையும் பிழையிலோ கறையிலோ நின்றவை. குழந்தைச் சட்டையும் சொக்ஸும் தொப்பியும் படிக்க வேண்டியது படித்து முடிந்த இடத்தில் நின்றவை. இரண்டாவது கையைப் பின்னும்போது புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை, முதற்கையைத் திரும்பப் பின்னுவதுதான். போர்வை நூலில்லாமல் நின்றது. 2022 பொருளாதார நெருக்கடியில் கொழும்புப் புறக்கோட்டைச் சரக்கு ஒழுங்காக வராமல், பிறகு வந்தபோது நீலம் வேறு நீலமாக இருந்தது. நூல் சுற்றின தாளில் நிற எண்ணோடு சாய எண்ணும் இருக்கும். நிற எண் ஒன்றாக இருந்தாலும், வேறு தொட்டியில் சாயம் போட்டால் வெயிலில் பார்க்கும்போது வித்தியாசம் தெரியும். பெரிய வேலைக்கு நூல் முழுவதையும் ஒரே சாய எண்ணில் முதலிலேயே வாங்கச் சொல்வது இதற்காகத்தான். மொத்தமாக வாங்கக் காசு வேண்டும் என்பதும் உண்மை. மாதச் சம்பளத்தில் இரண்டு இரண்டு உருண்டையாக வாங்குபவருக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை.

பன் பையும் புதிய சால்வையும் நின்றவையே அல்ல. ஓடிக்கொண்டிருப்பவை.

ஆக, பாயில் கிடந்த 11இல் சோம்பலால் நின்றது என்று சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கைத்திறன் குறைவால் நின்றதும் இல்லை. ரேந்தைச் சால்வையைப் பின்னத் தெரிந்தவருக்குச் சட்டையின் கை ஒரு பொருட்டா?

மாதிரிக் கொப்பி

அவர் எங்கே, எப்படிப் பழகினார் என்று கேட்டேன். பதில் எனக்கு நன்கு பழக்கமானது.

பள்ளிக்கூடத்தில் தையல் மாதிரிக் கொப்பி. ஒவ்வொரு தாளிலும் உள்ளங்கை அளவு துணி, அதில் ஒரு தையல். தொடுதையல், சங்கிலித்தையல், பொத்தான் துளை, ஒட்டுப்போடுதல். கொப்பி நிறைந்தால் புள்ளி. ஒரு சட்டை முழுதாகத் தைத்தது கிடையாது. பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமிக்குப் பின் வந்த இரண்டு மூன்று வருடங்களில் கரையோரமெங்கும் பெண்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடந்தன. அவர் பத்திக் பழகினார், மணிவேலை பழகினார், கொக்கிப் பின்னல் பழகினார். எல்லாம் குறுகிய பயிற்சிகள். கடைசி நாளில் ஒரு மாதிரி, ஒரு சான்றிதழ், எல்லோரும் நின்று ஒரு படம். அந்த நாட்களில் அந்த வகுப்புகள் பலருக்கு மூச்சு விட இடம் தந்தன, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவை பழக்கியது தொடக்கத்தை. நூல் கணக்குப் போடுவது, அளவு ஒத்துவராவிட்டால் என்ன செய்வது, துண்டுகளைப் பொருத்துவது, ஓரம் கட்டுவது, விலை வைப்பது, இவற்றுக்கு நாள் ஒதுக்கப்படவில்லை.

ஆகவே இவருடைய கையில் இருபதுக்கு மேற்பட்ட தொடக்கங்கள் இருக்கின்றன, முடிப்பு இரண்டோ மூன்றோ. தெரிந்த இடம் வரை கை விரைவாகப் போகிறது, தெரியாத இடத்தில் நிற்கிறது. இதைக் குணம் என்று வீட்டார் சொல்லிவந்தார்கள். பெரும்பகுதி பயிற்சிக் குறைவு என்பது என் முடிவு.

நேரமும் காற்றும்

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் வேலை மாறுவதில் கணிசமான பங்கு நியாயமானது.

பாலர் பாடசாலை விட்டு வந்து, சமைத்து, அம்மாவுக்கு மருந்து கொடுத்து உட்கார்ந்தால் அரை மணி நேரம் கிடைக்கும். அதற்குள் மகன் கொப்பியோடு வருவான், பக்கத்து வீட்டு மாமி கதைக்க வருவா. அந்த அரை மணியில் கண்ணி எண்ணிப் பின்னும் ரேந்தை நடக்காது. தொப்பிச் சுவர் நடக்கும். இரவு பிள்ளைகள் படுத்த பிறகு ரேந்தை நடக்கும், ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் அவர் கை தானாகவே கண் தேவையில்லாத தடித்த நூலுக்குப் போயிருக்கிறது. போர்வையின் பெரும்பகுதி அப்போது மெழுகுதிரி வெளிச்சத்தில் பின்னினதுதான்.

காலநிலை அடுத்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பில் மடியில் போர்வையை வைத்துப் பின்ன யாராலும் ஏலாது. உள்ளங்கை வியர்த்து நூல் ஊசியில் இழுபடும், கண்ணி இறுகும். விரிப்பின் சதுரங்கள் சிறுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். போர்வை மாரி வேலை. பருத்தி நூலும் சின்ன வேலையும் வெயில் காலத்துக்கு. அவர் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை, உடம்பு செய்ததைத்தான் வீட்டார் அலைச்சல் என்றார்கள்.

இதனால்தான் ஒன்றே ஒன்று கையில் இருக்கட்டும் என்ற புத்திமதி இவருக்குப் பொருந்தவில்லை. அந்த ஒன்று அந்த நேரத்துக்கும் அந்த வெளிச்சத்துக்கும் ஒத்துவராவிட்டால் கை சும்மா இருக்கும். அக்காவின் பேச்சைக் கேட்டு மேசைவிரிப்போடு உட்கார்ந்தபோது நடந்தது அதுதான்.

மனதில் இழுப்பது எது

"மற்றது கூப்பிடுது" என்று அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. பெர்லினில் உளவியல் ஆய்வு செய்த புளூமா சைகார்னிக், முடிந்த வேலைகளைவிடப் பாதியில் நிறுத்தப்பட்டவை மனதில் கூடுதலாகத் தங்குகின்றன என்று 1927இல் எழுதினார். அடுத்த வருடம் அவருடன் படித்த மரியா ஓவ்சியாங்கினா, இடையில் நிறுத்தப்பட்டவர்கள் யாரும் சொல்லாமலே அந்த வேலைக்குத் திரும்பப் போகிறார்கள் என்று காட்டினார். நினைவைப் பற்றிய முடிவு பிற்காலச் சோதனைகளில் எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. திரும்பப் போகத் தூண்டும் இழுப்பைப் பற்றியது கூடுதலாக நிலைத்திருக்கிறது. 11 வேலைகள் ஒரே நேரத்தில் இழுத்தால் மனிதர் எதில் உட்காருவார்?

இங்கே உதவியது 2011இல் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. முடியாத காரியம் மனதைக் குடைவதை நிறுத்த, அதை முடித்தே ஆகவேண்டும் என்றில்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அந்தக் குடைச்சல் அடங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். பின்னலுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி எனக்குக் கிடைத்ததில்லை.

எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதற்கு வேறொரு காரணம் சொன்னேன். ஜோன் லிட்டில் 1961இல் வரிசைகளைப் பற்றி நிறுவியது: வரிசையில் சராசரியாக நிற்பவர்களின் தொகை, அவர்கள் வந்துசேரும் வேகத்தை ஒருவர் நிற்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் வருவது. வருவதும் போவதும் ஒரே வேகத்தில் இருந்தால், கையில் 11 வேலை இருக்க மாதம் ஒன்று முடிகிறது என்றால், ஒரு வேலை தொடங்கி முடிய சராசரியாக 11 மாதம். அதே கை, அதே வேகம், கையில் மூன்றுதான் என்றால் 3 மாதம். கூடுதலாக உழைக்கச் சொல்லவில்லை. ஆறு மாதப் பிள்ளைக்கு அளவெடுத்த சட்டை 11 மாதம் கழித்து முடிந்தால் அந்தப் பிள்ளை நடந்து வந்துதான் வாங்கும். அவருடைய மஞ்சள் சட்டைக்கு நடந்தது அதுதான்.

செய்தவை

பிரிப்பதில் தொடங்கினோம். சுவெட்டர் முதுகை முழுக்கப் பிரிக்கலாம் என்றபோது அவருடைய முகம் மாறியது. எத்தனை இரவு வேலை. "நீங்களே பிரிங்க ரீச்சர், நான் மாட்டன்" என்றார். நான் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே நுனியைத் தேடி இழுத்தார். பிரிந்து வந்த நூல் நெளிநெளியாக இருந்தது. கதிரையின் முதுகில் சுற்றி, நாலு இடத்தில் வேறு நூலால் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து, கீழே சின்னப் பாரம் கட்டி நிழலில் தொங்கவிட்டோம். காய்ந்தபோது நெளிவு பெரும்பாலும் போயிருந்தது. உருண்டை சுற்றும்போது அவருடைய அம்மா வந்து இரண்டு கைகளிலும் நூலை ஏந்திக்கொண்டு இருந்தா. "இத முதலே செய்திருக்கலாமே மனே" என்று ஒரு வார்த்தை, வேறெதுவும் சொல்லவில்லை. மகளைக் கூடுதலாகக் குறை சொன்னவவும் அவதான்.

புதிதாக 100 கண்ணி போட்டார். 20க்கு 100, சரியாக 50 சென்ரிமீற்றர். அதற்கு முன் ஒரு சின்னச் சதுரம் பின்னி, கழுவி, காயவைத்து அளந்தார். கழுவாத சதுரத்தை நம்பக்கூடாது, பல நூல்கள் தண்ணீர் பட்டதும் இளகும்.

சால்வையின் துருவுக்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்தோம், இரண்டு தடவை. பருத்தியாக இருந்ததால் தாங்கியது. கறை மங்கியது, முழுக்கப் போகவில்லை. கண்ணிகளை மூங்கில் ஊசிக்கு மாற்றினோம். இனிமேல் நாள்கணக்கில் எடுத்து வைப்பதென்றால் ஊசியை உருவி, கண்ணிகளை வேறொரு பருத்தி நூலில் ஏற்றி, துணிப்பையில் போட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். கடற்கரை ஊரில் பின்னுபவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்வேன்.

விரிப்பு மேசைக்கு வராது என்று முடிவெடுத்தோம். 11 சென்ரிமீற்றர்ச் சதுரங்கள் 28 இருந்தன. நாலுக்கு ஏழாகப் பொருத்தினால் 44க்கு 77, விறாந்தைச் சின்ன மேசைக்குச் சரி. 10 சென்ரிமீற்றரில் 18. அதில் 16ஐ நாலுக்கு நாலாகப் பொருத்தினால் 40 சென்ரிமீற்றர்க் குஷன் உறையின் முகப்பு. இரண்டு மிச்சம். இனி ஒரு சதுரமும் பின்ன வேண்டியதில்லை என்று கேட்டபோது அவர் சிரித்தார். வால்களை ஒரே மூச்சில் மறைக்காமல், நாளுக்கு நாலு சதுரம், பக்கத்து வீட்டு மாமி வந்து கதைக்கும் நேரத்தில்.

பையில் வைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மட்டைத் துண்டு. திகதி வேண்டாம், அடுத்த வேலை மட்டும். சால்வையின் துண்டில் அவர் எழுதியது: "38ஆவது வரி முடிஞ்சுது. அடுத்தது வலப்பக்கம். ஓரம் பிளேன் 3, பிறகு இலை முதல்லேருந்து. ஊசி மூங்கில் 3.5. இரவு வேலை." கடைசி இரண்டு சொல்லும் அவராகச் சேர்த்தவை. அதுதான் நல்ல யோசனையாக அமைந்தது, பிறகு எல்லாத் துண்டிலும் நேரத்தையும் எழுதினார்.

கையில் மூன்று. கதைத்துக்கொண்டு பின்ன ஒன்று, இரவுக்கு ஒன்று, எடுத்துக்கொண்டு போக ஒன்று. நாலாவது தொடங்க ஆசை வந்தால் 10 சென்ரிமீற்றர் மாதிரிச் சதுரமாகத் தொடங்கலாம், எத்தனை வேண்டுமானாலும், எந்த நூலிலும். சதுரம் முடிந்தால் அது முடிந்த வேலை, தகரப் பெட்டிக்குள் போகும். அந்தக் கை புதியதைத் தேடும். தேடுவதைத் தடுத்தால் இந்தப் பெண் பின்னமாட்டார் என்பதை அக்காவின் மருந்தில் கண்டோம். தேடுவதற்கு அளவான இடம் கொடுப்பதே வழி என்று நினைத்தேன்.

குழந்தைச் சட்டையின் இரண்டாவது கை போல மறுபடி நிற்காமலிருக்க ஒரு பயிற்சியும் கொடுத்தேன். இனிமேல் கை பின்னும்போது இரண்டையும் ஒரே ஊசியில், இரண்டு உருண்டையில், பக்கம் பக்கமாகப் பின்ன வேண்டும். ஒரு கையில் கண்ணி குறைத்தால் அதே வரியில் மற்றதிலும் குறையும். இரண்டாவது கை என்று ஒன்று மிஞ்சாது. சுவெட்டரின் கைகளை அப்படித்தான் பின்னினார்.

நடந்தது

தொப்பிகள் நோன்புக்குள் முடியவில்லை. கடைக்காரரிடம் ஒளிக்காமல் போய், இருந்த ஐந்தையும் கொடுத்து, மிச்சத்தை ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தருவதாகச் சொன்னார். நோன்புப் பெருநாளுக்கும் அதற்கும் இடையில் ஏறக்குறைய 70 நாள் இருக்கிறது. கொடுத்தும் முடித்தார். சுவெட்டர் அந்த வருடக் குளிருக்கு முன் லொறிக்குப் போனது. குஷன் உறை வீட்டில் இருக்கிறது. குழந்தைச் சட்டை, மச்சாள் ஒருவவுக்குப் பிறந்த பிள்ளைக்குப் போனது.

எல்லாம் இப்படி நேராக நடந்துவிடவில்லை. பாலர் பாடசாலைக் கலைவிழாக் காலத்தில் மட்டைத் துண்டு எழுதுவது நின்றுபோனது. அந்த மாதத்தில் மூன்று ஐந்தானது. மாரியில் ஒரு தொப்பி வடிவத்தைச் சதுரமாக நிறுத்தாமல் முழு அளவுக்குக் கொண்டு போய்விட்டார். அதை நான் குறையாக எடுக்கவில்லை, அந்த வடிவம் நன்றாக வந்திருந்தது. ஒற்றைச் சொக்ஸ் ஒற்றையாகவே இருக்கிறது. பிள்ளைக்கு இப்போது அந்த அளவு பொருந்தாது, பிரிக்கவும் அவருக்கு மனமில்லை. வைத்திருக்கட்டும். எல்லாவற்றையும் முடிக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முடிக்கப்போவதில்லை என்று தெரிந்து வைத்திருப்பது மனதை இழுக்காது. போர்வை மாரிக்காகக் காத்திருக்கிறது. பழைய நீலக் கோட்டில் கொஞ்சம் பிரித்தெடுத்து, புதிய நீலத்தோடு இரண்டு வரிக்கு இரண்டு வரி மாற்றிப் பின்னினால் வித்தியாசம் கண்ணுக்குக் கரையும். அதற்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

தாய் இப்போதும் குறை சொல்கிறா. ஆனால் முன்பு "முடிக்கமாட்டா" என்றவ, இப்போது "அந்தப் பச்சைய முடிச்சாளே, இதையும் முடிக்கட்டுமே" என்கிறா.

ஓடர் எடுக்கும் முறையை அவர் தானாக மாற்றினார். பாதியைப் பின்னிய பிறகுதான் திகதி சொல்கிறார். அடுத்த நோன்புக்கு அதே கடைக்காரர் மறுபடி 12 கேட்டு வந்தபோது, தகரப் பெட்டியைத் திறந்து சதுரங்களையும் அந்த மூன்று உச்சிகளையும் காட்டி, ஒரே வடிவத்தில் 12 வேண்டாம், மூன்று வடிவத்தில் நாலு நாலு தருகிறேன் என்றார். தலையளவும் சுவரின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆறு ஆறாக இரண்டு தவணையில் வரவேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். முதல் ஆறும் சொன்ன திகதிக்கு முன்பே காத்தான்குடிக்குப் போய்விட்டன.